கையிலிருந்த கயிறு

"அப்பா, இவங்கள் ஆரைச் சுடுறாங்கள்?"

செலீன் இந்தக் கேள்வியை ஒரே ஒரு முறைதான் கேட்டாள். அப்போது அவளுக்கு ஏழு வயது. பதில் வருவதற்குள் அப்பாவின் உள்ளங்கை அவள் வாயைப் பொத்திவிட்டது. அடுத்த கணம் அவள் ஈர மண்ணில் கிடந்தாள். அவளுக்கு மேல் அவர் கிடந்தார்.

1986ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்து ஒரு சனிக்கிழமை காலை அது. மொன்றியல் தீவின் மேற்கு முனையில், சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவைத் தாண்டி, பஸ் திரும்பும் இடத்திலிருந்து இருபது நிமிடம் நடந்தால் வரும் நாணல் கரை. மேப்பிள் இலைகள் பாதி மரத்திலும் பாதி தண்ணீரிலும் கிடந்தன.

எமிலியானுஸ் மன்னாரில் தபால் கந்தோரில் எழுதுவினைஞராக இருந்தவர். மீன்பிடி அவருக்குத் தொழில் அல்ல, ஆசை. மொன்றியலுக்கு அகதியாக வந்து, டவுன்டவுனில் ஒரு உணவகத்தின் சமையலறையில் கோப்பை கழுவத் தொடங்கிய பிறகும் அந்த ஆசை போகவில்லை. சனிக்கிழமை ஓய்வு கிடைத்தால் ஆற்றங்கரைக்குப் போய்விடுவார். "ஆறு நாள் தண்ணிக்குள்ளை கையை வைச்சுப்போட்டு ஏழாம் நாளும் தண்ணிக்குத்தான் போறார். கடவுளே ஏழாம் நாள் இளைப்பாறினவர்" என்று மனைவி கத்தரின் கோயிலுக்கு வரும் பெண்களிடம் சொல்லிச் சிரிப்பாள்.

முந்தைய குளிர்காலத்தில் நைலோன் நூல் வாங்கி, வீட்டிலிருந்தே ஒரு வீச்சு வலை பின்னினார். விளிம்பு முழுக்க ஈயமணிகள் கட்டினார். அதைப் பார்த்த அன்றே பக்கத்து அறைக் கிறகரி எச்சரித்தான். அவன் இரண்டு வருடம் பாரிசில் இருந்துவிட்டு வந்தவன், பிரெஞ்சு தெரியும்.

"அண்ணை, இஞ்சை வலை போட ஏலாது. தூண்டில்தான். அதுக்கும் ஒரு அனுமதித் துண்டு எடுக்கவேணும்."

"மீன் பிடிக்கவுமோ துண்டு?"

"எங்களுக்கு வேணுமெண்டால் மீனுக்கு வேண்டாமோ? பிடிபட்டால் பொலிஸ். பேந்து உங்கடை கேஸிலை அதையும் எழுதுவாங்கள்."

எமிலியானுஸின் அகதி விசாரணை நவம்பர் பதினெட்டாம் திகதி. அது அவருக்குத் தெரியாமலில்லை. ஆனால் நாணலுக்குள் யார் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்தார். ஒரு நல்ல மனிதர் செய்யும் சிறிய தவறு எப்போதும் இப்படித்தான், யாரும் பார்க்காத இடமாகப் பார்த்துத் தொடங்குகிறது.

அன்று அவர் வலையை மடித்துத் தோளில் ஏற்றி, கயிற்றின் சுருக்கை இடது மணிக்கட்டில் மாட்டி, வீசுவதற்காகக் கால் ஊன்றி நின்றார். அப்போதுதான் முதல் வெடி.

வாத்து வேட்டைக் காலம் தொடங்கியிருந்தது. இந்த நாட்டில் இலையுதிர் காலத்தில் மனிதர்கள் காலையில் கோப்பி குடித்துவிட்டு, துவக்கை எடுத்துக்கொண்டு, சந்தோஷமாக ஆற்றங்கரைக்குப் போவார்கள் என்று யாரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. வெடிச் சத்தம் கேட்டால் விழு, பிள்ளையின் வாயைப் பொத்து, அசையாதே. மன்னாரில் உடம்பு பழகிக்கொண்டது அவ்வளவுதான். அது மூளையைக் கேட்கவில்லை.

மண்ணில் கிடந்தபடியே அவர் அடுத்த சத்தத்தைக் கேட்டார். நாணலை முறித்துக்கொண்டு ஏதோ அவர்களை நோக்கி ஓடி வந்தது. இரண்டு காலா நான்கு காலா என்று எண்ணும் நிலையில் அவர் இல்லை. முழங்காலில் எழும்பினார். தோளில் வலை இருந்தது. வீசினார்.

வாழ்நாளில் அவர் வீசியதில் அதைப்போல் வட்டமாக விரிந்த வீச்சு இன்னொன்று இல்லை.

வலைக்குள் ஒரு நாய் இருந்தது. மண்ணிறமும் வெள்ளையும் கலந்த, நீண்ட காதுள்ள வேட்டை நாய். அதன் வாயில் ஒரு வாத்து. வாத்தை அது விடவில்லை; விடக்கூடாது என்று பழக்கப்பட்ட நாய். அதனால் குரைக்கவுமில்லை. கால்கள் சிக்கி, பின்னுக்குப் பின்னுக்கு இழுத்து, கரை விளிம்பிலிருந்து சறுக்கி ஆழமான வாய்க்காலுக்குள் விழுந்தது. ஈயமணிகள் அதைக் கீழே இழுத்தன. கயிறு அவர் மணிக்கட்டில் விறைத்தது.

நாய் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அதன் கண்களை அவர் பார்த்துவிட்டார். ஒரு இழுவை போதும். ஊரில் இதைவிடப் பாரத்தை இழுத்தவர்தான்.

அப்போது இன்னும் இரண்டு வெடிகள், ஒன்றன்மேல் ஒன்றாக.

எமிலியானுஸ் மணிக்கட்டிலிருந்த சுருக்கைக் கழற்றிவிட்டார். திரும்பிப் பிள்ளைக்கு மேல் விழுந்து அவள் தலையை மூடிக்கொண்டார். கயிற்றின் நுனி புல்லில் வழுக்கித் தண்ணீருக்குள் போகும் சத்தம், வெடிச் சத்தத்தை விடத் தெளிவாக அவருக்குக் கேட்டது.

எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தாரோ தெரியாது. தலையைத் தூக்கியபோது பத்து அடி தூரத்தில் ஒரு கிழவர் நின்றார். ஆறடி உயரம், வெள்ளைத் தாடி, புல் நிறக் கோட்டு, கையில் துவக்கு. எமிலியானுஸ் இரண்டு கைகளையும் உயர்த்தினார்.

அந்த மனிதரின் முகம் வெளுத்துப்போனது. ஒரு தகப்பன் பிள்ளையின் மேல் கவிழ்ந்து கிடப்பதையும், தன்னைக் கண்டு கை உயர்த்துவதையும் அவர் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை. துவக்கை மடித்துத் தோட்டாக்களை வெளியே எடுத்தார். அதைத் தூரத்தில் தரையில் வைத்துவிட்டு வந்து, வெறும் கைகளை விரித்துக் காட்டி, குந்தி உட்கார்ந்தார். ஏதோ சொன்னார். எமிலியானுஸுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. குரல் மட்டும் விளங்கியது.

செலீன் இடுப்புவரை நனைந்து நடுங்கிக்கொண்டிருந்தாள். அவர் தன் கோட்டைக் கழற்றி அவளைச் சுற்றிப் போர்த்தினார். போத்தல் மூடியில் சூடான கோப்பி ஊற்றிக் கொடுத்தார். பிறகு எழும்பி, இரண்டு விரல்களை வாயில் வைத்து விசில் அடித்தார்.

"கஸ்தோர்!"

பதில் இல்லை. மறுபடியும் விசில். "கஸ்தோர்! கஸ்தோர்!"

வாய்க்கால் தண்ணீர் அசையாமல் கிடந்தது. அதன் மேல் மூன்று மேப்பிள் இலைகள். எமிலியானுஸ் அந்த இலைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். வாய் திறக்கவில்லை.

கிழவர் நாணலைப் பார்த்தார். பிறகு நீலம் பாரித்த செலீனின் உதடுகளைப் பார்த்தார். நாய் தானாக வரும் என்று நினைத்திருக்க வேண்டும். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ட்ரக்கை நோக்கி நடந்தார்.

கோட் டெ நேஜில் இருக்கும் அவர்களுடைய அபார்ட்மென்ட் வாசல்வரை, முக்கால் மணி நேரம், தன் நாயைத் தேடாமல் அவர் ட்ரக் ஓட்டினார். ஹீட்டரைக் கூட்டி, அதன் வாயைப் பிள்ளையின் பக்கம் திருப்பிவிட்டார். இருக்கையெல்லாம் நாய் மயிர். காலடியில் ஒரு தகரக் கிண்ணம் வளைவுகளில் உருண்டு உருண்டு எமிலியானுஸின் சப்பாத்தில் வந்து முட்டியது.

இறங்கும்போது கோட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனார்கள். அவர் வேண்டாம் என்று கையசைத்தார். எமிலியானுஸ் தனக்குத் தெரிந்த ஒரே சொல்லைச் சொன்னார்: "மெர்சி." நான்கு முறை சொன்னார்.

திங்கட்கிழமை விடிந்ததும் தனியாகப் பஸ் ஏறினார். நீண்ட தடியொன்றின் நுனியில் கொக்கி கட்டி வாய்க்காலைத் துழாவினார். மூன்றாம் தரம் வலை அகப்பட்டது. வாத்து இன்னும் நாயின் வாயில்தான் இருந்தது.

எமிலியானுஸ் கரையில் உட்கார்ந்துவிட்டார். ஊரில் அவர் பார்த்த சடலங்கள் எத்தனையோ. அவற்றில் ஒன்றும் அவருடைய கையால் வந்ததில்லை.

ஒரு ஓக் மரத்தடியில் குழி வெட்டி, நாயையும் வாத்தையும் ஒன்றாகப் புதைத்தார். கழுத்துப்பட்டியை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டார். நாய்க்குச் செபம் சொல்லலாமா என்று அவருக்குத் தெரியவில்லை. அதனால் அதை வளர்த்தவருக்காக ஒரு 'அருள் நிறைந்த மரியே' சொன்னார். வலையைத் துண்டு துண்டாக வெட்டிக் குப்பைத் தொட்டியில் போட்டார்.

அந்த வாரம், தெருமுனை டெப்பனர் கடையில் பால் வாங்கப் போனபோது, செலீன் கதவில் ஒட்டியிருந்த தாளின் முன்னால் நின்றுவிட்டாள். அதில் ஒரு நாயின் படம்.

"அப்பா, இது அந்தத் தாத்தாவின்ரை நாய். இஞ்சை பாருங்கோ, கஸ்தோர் எண்டு போட்டிருக்கு. பெர்தூ எண்டால் துலைஞ்சு போச்சு." பள்ளிக்கூடத்தில் அவள் பிரெஞ்சு வாசிக்கத் தொடங்கியிருந்தாள். "எங்கடை வீட்டடியிலை ஏன் ஒட்டியிருக்கிறார்?"

கடைக்காரர் தலையசைத்து ஏதோ சொன்னார். செலீன் மொழிபெயர்த்தாள்: "ட்ரக்குக்குப் பின்னாலை ஓடி வந்திருக்கும் எண்டு நினைக்கிறாராம். ஒவ்வொரு நாளும் வந்து இந்தத் தெருவெல்லாம் கூப்பிட்டுத் திரியிறாராம்."

எமிலியானுஸ் பாலை வாங்காமல் வீட்டுக்கு வந்தார். அன்றுதான் கத்தரினிடம் எல்லாவற்றையும் சொன்னார். கிறகரியும் இருந்தான்.

"விசரே அண்ணை உங்களுக்கு?" என்றான் கிறகரி. "வலை போட்டது ஒரு குற்றம். அவன்ரை நாயைச் சாகடிச்சது இன்னொண்டு. கேஸுக்கு இன்னும் மூண்டு கிழமை. போய்ச் சொன்னால் அந்தாள் பொலிஸுக்குப் போன் அடிப்பான். மூண்டு பேரையும் பிளேனிலை ஏத்துவாங்கள். ஒரு நாய்க்காகவோ?"

"சொல்லாட்டில் அந்த மனுசன் தெருத்தெருவாய்க் கூப்பிட்டுக்கொண்டு திரியும்" என்றார் எமிலியானுஸ்.

"திரியட்டும். பேந்து வேறை நாய் வாங்குவான். இவங்கள் நாய்க்குப் பிறந்தநாள் கொண்டாடுற ஆக்கள்."

கத்தரினுடைய தம்பி வின்சன்ட் முந்திய வருடம் பேசாலையிலிருந்து வள்ளத்தில் போனவன். திரும்பி வரவில்லை. கடற்படைக்காரர் சுட்டார்களா, பிடித்தார்களா, கடல் கொண்டுபோனதா, ஒன்றும் தெரியாது. அவனுடைய சேட்டு ஒன்றை அவள் இன்னும் பெட்டியில் மடித்து வைத்திருந்தாள்.

"வின்சன்டுக்கு என்ன நடந்ததெண்டு வந்து ஆரும் எங்கடை கதவைத் தட்டினவங்களே?" என்று வெடித்தாள். "அவங்களிலை ஒருத்தனுக்காவது தெரிஞ்சிருக்கும்தானே? ஒருத்தன் வந்தவனே? நீங்கள் மட்டும் ஏன் போகவேணும்?"

சொல்லி முடித்த பிறகு அவள் சொன்னது அவளுக்கே கேட்டது. கிறகரி கீழே பார்த்தான்.

"நாயையும் என்ரை தம்பியையும் ஒண்டாய் வைக்காதைங்கோ" என்றாள், குரல் தாழ்ந்து.

"வைக்கேல்லை, கத்தரின்."

அவள் எழும்பி உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் இஸ்திரிப்பெட்டியின் சூட்டு மணம் வந்தது. எட்டிப் பார்த்தார்கள். அந்தக் கிழவரின் கோட்டைத் துவைத்துக் காயவைத்திருந்தவள், இப்போது கைமடிப்புகளை அழுத்திக்கொண்டிருந்தாள். "உள் பொக்கற்றிலை ஒரு கடுதாசி கிடந்தது. பத்திரமாய் எடுத்து வைச்சனான். வேட்டைத் துண்டு போலை. விலாசம் கிடக்கு" என்றாள், திரும்பாமலே.

கிறகரி பெருமூச்சு விட்டான். "சரி. ரெண்டு வசனம் சொல்லித் தாறன். பாடமாக்குங்கோ. ஆனால் நான் வரமாட்டன் அண்ணை, என்ரை கேஸும் கிடக்கு."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எமிலியானுஸ் போனார். பயம் பாவமல்ல என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கயிற்றை விட்டது பயம். அதற்குப் பிறகு எட்டு நாள் வாயை மூடியிருந்ததற்கு வேறு பெயர்.

துண்டில் இருந்த பெயர் றொலான் கிறெனியே. சிறிய மரவீடு. வாசலில் விறகு அடுக்கியிருந்தது. கொடியில் வாத்துகளை ஏமாற்றும் மர வாத்துகள் கழுத்தில் கயிறோடு தொங்கின. படியில் ஒரு கிண்ணம் நிறைய உணவு; அதன்மேல் இலைகள் விழுந்திருந்தன.

கதவைத் திறந்தவர் அவரைக் கண்டதும் சிரித்தார். கையைச் செலீனின் உயரத்துக்குத் தாழ்த்திக் காட்டி, "லா பெத்தீத்?" என்று கேட்டார். சின்னவள் எப்படி என்று கேட்கிறார். அந்தச் சிரிப்பை எமிலியானுஸ் எதிர்பார்க்கவில்லை. பாடமாக்கியதெல்லாம் கலைந்தது. திரும்பச் சேர்த்தார்.

"வொத்ர் ஷியென் எ மோர். செ மா ஃபோத்."

உங்கள் நாய் செத்துவிட்டது. என் பிழை.

அவருடைய உச்சரிப்பில் அது விளங்கவில்லை. கிழவர் சிரித்தபடியே காதைக் கொடுத்தார். எமிலியானுஸ் பொக்கற்றிலிருந்து கழுத்துப்பட்டியை எடுத்து நீட்டினார்.

சிரிப்பு அப்படியே நின்றது. அது போகவில்லை, முகத்தில் நின்று உறைந்தது. அதைப் பார்க்க எமிலியானுஸால் முடியவில்லை. ஆனாலும் சொல்ல வேண்டியதைக் கைகளால் சொன்னார். துவக்குச் சத்தம். விழுந்தது. ஓடி வந்தது. வலை வீசியது. தண்ணீர். பிறகு இடது மணிக்கட்டைக் காட்டினார். இல்லாத கயிற்றின் சுருக்கை வலது கையால் மெல்லக் கழற்றிக் கீழே விட்டார். அதை மட்டும் காட்டாமல் விட்டிருக்கலாம். உலகத்தில் ஒருவருக்கும் தெரிந்திராது.

கிழவர் அந்த மணிக்கட்டையே வெகுநேரம் பார்த்தார்.

எமிலியானுஸ் கடைசியாக, கிறகரி வரைந்து கொடுத்த சிறிய படத்தைக் கொடுத்தார்: வாய்க்கால், ஓக் மரம், அதன் கீழே ஒரு சிலுவைக்குறி. பிறகு கோட்டை நீட்டினார். றொலான் வேட்டைத் துண்டை மட்டும் எடுத்தார். கோட்டைத் திருப்பி எமிலியானுஸின் நெஞ்சில் வைத்துத் தள்ளினார். கையைத் தாழ்த்திப் பிள்ளையின் உயரத்தை மறுபடியும் காட்டினார். கதவைச் சாத்தினார். அறைந்து சாத்தவில்லை.

அதற்குப் பிறகு வீட்டுக் கதவை யார் தட்டினாலும் எமிலியானுஸ் முதலில் ஜன்னலால் எட்டிப் பார்த்தார். தட்டியவர்கள் கிறகரியும், வீட்டுக்காரரும், கோயிலில் பழைய உடுப்பு பங்கிடும் திரேசம்மாவும்தான். பொலிஸ் வரவில்லை. கடிதம் வரவில்லை. டெப்பனர் கதவிலிருந்த தாளை யாரோ கிழித்துக்கொண்டு போயிருந்தார்கள். நவம்பர் பதினெட்டாம் திகதி விசாரணையில் எழுபது கேள்விகள் கேட்டார்கள். நாயைப் பற்றி ஒன்றுமில்லை. அந்தக் குளிர்காலம் முழுக்கச் செலீன் கணுக்கால்வரை தொங்கும் ஒரு கிழவரின் கோட்டில் பள்ளிக்கூடம் போனாள்.

அடுத்த இலையுதிர் காலம் வந்தது. எமிலியானுஸ் இப்போது தூண்டிலும், அதற்கான துண்டும் வைத்திருந்தார். ஒரு சனிக்கிழமை அதே கரைக்குத் தனியாகப் போனார். ஓக் மரத்தடியில் அவர் அடையாளத்துக்கு வைத்த கல்லுக்குப் பக்கத்தில் ஒரு மர வாத்து நட்டிருந்தது, கழுத்தில் அந்தப் பட்டி.

வெடி கேட்டது. மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

நாணல் இடைவெளியில் றொலான் தெரிந்தார். ஒரு சிறிய படகில், தனியாக. புது நாய் இல்லை. சுட்ட வாத்து, படகு நுழைய முடியாத நாணல் அடர்த்திக்குள் விழுந்திருந்தது. துடுப்பால் நாணலை விலக்கினார், எட்டிப் பார்த்தார், விலா எலும்பில் கைவைத்து மூச்சு வாங்கினார். பழக்கத்தில் இரண்டு விரல்களை வாய்க்குக் கொண்டு போனார். விசில் அடிக்காமல் கையை இறக்கினார். சுட்ட பறவையைத் தண்ணீரில் அழுக விடுவது ஒரு வேட்டைக்காரனுக்கு எவ்வளவு பெரிய வெட்கம் என்பதை அந்த முதுகு சொன்னது. படகைத் திருப்பிக்கொண்டு அடுத்த வளைவுக்குப் போனார்.

தண்ணீரில் ஒன்று விழுந்த இடத்தைக் கண்ணால் குறித்துவைப்பது வலை வீசுகிறவனுக்குப் பழக்கம். முறிந்த நாணலுக்கும் எதிர்க்கரைத் தேவாலயக் கோபுரத்துக்கும் இடையே ஒரு கோடு. எமிலியானுஸ் சப்பாத்தைக் கழற்றி, காற்சட்டையை மடித்து, இறங்கினார். குளிர் எலும்பைக் கடித்தது. தொடைவரை, பிறகு இடுப்புவரை. நாணலடியில் கையை விட்டுத் துழாவியபோது ஈர இறகுகள் விரலில் பட்டன.

பாதையோரம் நின்ற ட்ரக்கின் கைபிடியில் அந்த வாத்தைக் காலில் கட்டித் தொங்கவிட்டார். இறகுகளை நீவி மடித்துவிட்டார். ட்ரக்கின் உள்ளே தகரக் கிண்ணம் இன்னும் தரையில் கிடந்தது.

காலடித் தடங்களை இலைகளால் மூடிவிட்டு நாணல் பக்கம் திரும்பி வந்தார். கால்கள் மரத்திருந்தன. சப்பாத்தைப் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குப் போக எழும்பினார்.

அப்போது வளைவுக்கு அப்பால் இன்னொரு வெடி கேட்டது.

எமிலியானுஸ் விழவில்லை. பறவை எங்கே விழுகிறது என்று பார்த்தார். முறிந்த நாணலுக்கு இடப்பக்கம், எட்டு அடி. படகு போகாத இடம்.

உட்கார்ந்து, மறுபடியும் சப்பாத்தைக் கழற்றினார்.